இரண்டு விரல் இடைவெளி

மழை விட்ட மறுநாள்
தச்சநல்லூர் பைபாஸில் என் பட்டறை வாசலில்
எபனேசரின் லாரி வந்து நின்றது,
தாடையில் அடி வாங்கியவன் மாதிரி
கேபின் இடப்பக்கம் சரிந்து.

தூத்துக்குடி உப்பு, ஆரியங்காவு ஏற்றம், புனலூர்.
ஒன்பது வருசமாக அதே ரோடு.
உப்பு இறங்கிவிடும்.
உப்புத்தண்ணி இறங்குவதில்லை.

"கதவு சேரல அண்ணாச்சி, தூக்கி அடிச்சாத்தான் பூட்டுது.
பள்ளத்துல விட்டா பல்லுல தட்டுது.
இடுப்புக்கு ஹைகிரவுண்டுல ரெண்டு ஊசி போட்டாச்சு."
ஊசி போட வேண்டியது அவர் இடுப்புக்கு இல்லை.

பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டை இறக்கி, மேட்டை உரித்தேன்.
ஸ்குரூ டிரைவர் தரைக்குள் போனது
அவித்த பனங்கிழங்கில் நகம் போகிற மாதிரி.
ஓட்டை வழியே
கீழே படுத்திருந்த மைதீன் பிச்சையின் முகம்,
துருப்பொடியைத் துப்பிக்கொண்டு.

நாலு மவுண்டிங்.
இடது முன்பக்கத்தில் ரப்பர் என்று சொல்ல ஒன்றுமில்லை,
எள்ளுருண்டை உதிர்ந்தாற்போல் கையில் கொஞ்சம் கறுப்பு.
இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்து உட்கார்ந்து
வட்டத் துளை முட்டையாகியிருந்தது.
போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி ஊறப்போட்டு
காலையில் ஸ்பானரோடு கெஞ்சினோம்.
மூன்று கழன்றது. நாலாவதற்கு கேஸ்தான்.

பனங்கட்டை வைத்து, ஜாக்கி கொடுத்து
விரற்கடை விரற்கடையாகக் கேபினைத் தூக்கும்போது
அடியில் பழைய ஒட்டு ஒன்று தெரிந்தது.
பட்டி, பட்டிக்குள் பைபர்,
பைபருக்குள் நல்லெண்ணெய் டின் தகரம், சுற்றிலும் ரிவிட்.
துருவைச் சுரண்டாமல் மேலேயே மூடியிருந்தது.
உள்ளே அது நிதானமாகத் தின்றிருக்கிறது.

எபனேசர் குனிந்து பார்த்தார்.
"எந்தச் சவத்துப்பய பாத்த சோலி அண்ணாச்சி இது?"

ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் ரெண்டு விரல் இடைவெளி.
ஒவ்வொரு தலையும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து,
இடக்கையால் அடிக்கிறவன் அடித்தது.
விரல் வைத்துப் பார்க்க அவசியமே இல்லை.
வைத்துப் பார்த்தேன்.

அப்போது அது நீல லாரி.
புரோக்கர் ஒருத்தர், எஃப்.சி.க்கு ரெண்டே நாள்.
"கண்ணுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்."
தெரியவில்லை.
அறுநூறு ரூபாய்.

"யாரோ அவசரத்துல பாத்திருக்கான்" என்றேன்.
மைதீன் பிச்சை கிரைண்டரை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
மறுபடி ஓட்டினான்.

வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டினேன்.
சாண் என்று நினைத்தது முழம் போனது.
தரைக்குப் பதினெட்டு கேஜ்,
மவுண்டிங் உட்காரும் இடத்துக்கு மூணு எம்எம் பிளேட்.
முட்டையை வெல்டால் நிரப்பி வட்டமாகத் துளைத்து
புது ரப்பர் நாலு, நடுவே பேட்டை லேத்தில் கடைந்த காலர்.
யாரும் குனிந்து பார்க்காத மடிப்பிலெல்லாம்
ரெட் ஆக்சைடு, ரெண்டு கோட்டு.

பில்லில் பிளேட்டும் கூலியும் எழுதவில்லை.
"விட்டுட்டியளே?"
"மழையில சும்மா இருந்த நேரம்தானே."
அதுவும் பொய். வெளியே மூன்று வண்டி நின்றது.

ஏறி உட்கார்ந்தார்.
ஒன்பது வருசப் பழக்கம்,
கதவைத் தூக்கி ஓங்கி அடித்தார்.
விரலால் தள்ளினாலே போதுமாயிருந்தது.
விளிம்பில் புதுப் பெயிண்ட் அரிசியளவு தெறித்தது.

"போவட்டும் அண்ணாச்சி, கண்ணுக்கா தெரியப்போவுது?"

இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.
நகத்தால் சுரண்டி,
தீக்குச்சி முனையில் பெயிண்ட் தொட்டு வைத்தேன்.
"காயட்டும்" என்றேன்.
அவர் காத்திருந்தார்,
வாட்சைப் பார்த்துக்கொண்டு.