பத்து அறுபது

ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றவன்
ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்:
"எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?"

எத்தனை கை மாறியது, கேட்கவில்லை.
ஒரு கதவு மட்டும் ஏன் வேறு வெள்ளி நிறம்,
அதையும் கேட்கவில்லை.
அதற்குப் பொய் தயாராக வைத்திருந்தேன்.

பெயர் ஒத்தாரி. மேற்கே குட்டாயிசியில்
ரொட்டி சுடுகிறவன்.
போனில் அவனுக்குப் பின்னால் அடுப்பு இரைந்தது.
நாலு வருடச் சேமிப்பு என்றான்.
மாவு பிசைந்த கை கியர் போடப் போகிறது என்று
தானே சொல்லித் தானே சிரித்தான்.

ருஸ்தாவியில் மார்ச் மாதக் காற்று
கார்ச் சந்தையின் தகரக் கூரைகளை
எடை பார்ப்பதுபோல் தூக்கித் தூக்கி வைக்கிறது.
எங்கள் வரிசை எண் நூற்றுப் பதினேழு.
ஜெர்மனியில் நொறுங்கி, கப்பலேறி,
கோச்சாவின் சுத்தியலில் நிமிர்ந்த வண்டி.
ஆறு சிலிண்டர். எட்டாயிரம் சுற்று.
"உச்சத்திலும் குரல் உடையாது"
விளம்பரத்தில் எழுதியது நான்தான்.

ஏன் உடையாது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை பழைய ஆயிலை வடித்தேன்.
முதலில் வெறும் கறுப்பு.
தட்டைச் சாய்த்து டார்ச் அடித்தால்
மீன்செதில் மாதிரி மினுக்குகிறது, செம்பு.
வடிகால் திருகின் காந்தத்தில் ஒன்றும் இல்லை.
இரும்பென்றால் பிடித்திருக்கும்.
எவ்வளவு புரண்டாலும் ஒட்டுவதுதானே ஒட்டும்.

புத்தகத்தில் போட்டபடி ஐந்து முப்பது ஊற்றினேன்.
மெல்லியது, தேநீர் போல ஓடுவது.
சாவியைத் திருப்பினேன்.
டக். டக். டக்.
கதவைத் தட்டுகிறவன்
வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான்.

"பத்து அறுபது போடு, நத்தேலா," என்றான் கோச்சா.
"மேலே ஒரு டின் அந்தக் கூழ்.
சூட்டிலும் இளகாது. சத்தத்துக்கு மெத்தை விரித்துவிடும்.
சந்தை வாசல் தாண்டினால் போதும்."

கோச்சா கெட்டவன் இல்லை.
அவனுக்கு வட்டி, எனக்கு வாடகை.
சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து
காப்பி வாங்கி வந்தான், சர்க்கரை இல்லாமல்,
நான் குடிக்கிற மாதிரியே.

ஊற்றினேன்.
ஐந்து லிட்டரும் முனகாமல் இறங்கின.
எஞ்சின் அமைதியானது,
வாயில் துணி அடைத்த ஆள் அமைதியாவதுபோல.

ராத்திரி தூக்கமில்லை. நினைத்துப் பார்த்தால்
ஒரு எஞ்சின் கேட்பது அவ்வளவு பெரிது இல்லை.
இரும்புக்கும் செம்புக்கும் நடுவில்
ஒரு முடியளவு நேயம்.
குறைந்தால் உரசும்.
கூடினால் உள்ளே நடப்பது
வெளியே கேட்காது.

ஞாயிறு பத்து மணி மினிபஸ்ஸில் வந்தான்.
புருவத்தில் மாவு, கக்கத்தில் துணி சுற்றிய ரொட்டி,
மடியில் ஒரு டப்பா.
வழியெல்லாம் பிள்ளையைப் போல
அணைத்துக்கொண்டே வந்திருக்கிறான்;
கைப்பிடி சூடாக இருந்தது.
"நீங்கள் பதில் போடவில்லையா,
நானே புத்தகம் தேடிப் படித்தேன்.
ஐந்து முப்பது. இதுதானே?"

கோச்சா வானத்தைப் பார்த்தான்.
வானத்தில் ஒன்றும் இல்லை.

"இதுதான்," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
டப்பாவை வாங்கி டிக்கியில் போட்டு
பணத்தை எண்ணியிருக்கலாம்.
பதினேழு நம்பர் சாவி கைக்கு வந்தது,
யார் கொடுத்தது என்று தெரியாது.
அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன்.
"இப்பவே மாத்திடலாம்.
மாத்தினதும் ஒரு சத்தம் வரும்.
அதைக் கேட்டுவிட்டு விலை பேசு."

கோச்சா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்,
பிறகு, எதற்கோ, இன்னொன்றை.

பத்து அறுபது இறங்க நேரம் பிடித்தது.
கயிறாக வந்தது, நூலாக வந்தது,
நூலும் அறுவேனா என்றது.
ஒத்தாரி பக்கத்தில் குந்தி ரொட்டியைப் பிட்டான்.
கையெல்லாம் ஆயில் என்றேன்.
அவனே வாய்க்கு நீட்டினான்.
மென்றுகொண்டே மூன்று பேரும்
தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இன்னும் சொட்டியது.