இதர

மேட்டூரில் மதகு தூக்கிய செய்தி
தலைக்கு மேல் டிவியில் ஓடுகிறது, சத்தமில்லாமல்.
எனக்கு முன்னால் வரிசை
வாசல் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும்.
வல்லம் பைபாஸில் எங்கள் கல்லூரி.
நான் இரண்டாம் நம்பர் கவுண்டர்.

கட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும்.
வங்கித் தாள் பிரிக்காமல் வந்தால் நகைக்கடன்.
நூறும் ஐம்பதும் கலந்திருந்தால் ஏலச்சீட்டு.
ஐந்நூறில் மீன்வாடை என்றால்
நாகப்பட்டினத்திலிருந்து முதல் பஸ் பிடித்திருக்கிறார்கள்.

வேதரத்தினத்தின் நோட்டுகள் எல்லாம் புதுசு.
"ஒரு மா கொடுத்துட்டேன்" என்றார், நான் கேட்காமலே.
"வாய்க்கா ஓரத்து மா."
தலைஞாயிறுக்கும் தெற்கே, கடைமடை.
ஒரு மாவுக்கு நாலு செமஸ்டர் வரும்.
ஆபீசில் யாரும் எழுதி ஒட்டாத வாய்ப்பாடு,
எனக்கு மனப்பாடம்.

செலானில் விரல் வைத்து வரிவரியாக இறங்கினார்.
கல்வி. விடுதி. ஆய்வகம்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
"இதர, பதினாலாயிரத்து இருநூறு.
இதரன்னா என்னம்மா?"

ஏழு வருஷமாகக் கண்ணாடி ஓட்டை வழியாக
ஒரே பதில்தான்:
"எல்லாம் சேத்துதாங்க."

மகள் சுபிக்‌ஷா செலானைப் பார்க்கவேயில்லை.
எதிரே கேண்டீனில்
ஒரு பப்ஸை நாலாகப் பிய்த்துத் தின்னும் நாலு பெண்கள்.
ஒருத்தி மேசையில் அடித்து அடித்துச் சிரிக்கிறாள்.
என்ன சத்தம் அங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

நான் படித்தது தபால் வழியில்.
புத்தகமெல்லாம் பார்சலில் வந்தது.
இதர வரவில்லை.

போன மாதம் சான்றிதழ் வாங்க வந்த ஒரு பையனிடம்
வேலை என்னாச்சு என்றேன்.
"பாப்போம்க்கா."
பஸ் நின்றும் ஏறவில்லை.
அதே மேசையில் ஒரு மணி நேரம்
தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.
இதையா இவரிடம் சொல்வது?

அவர் மகளைப் பார்த்தார்.
பிறகு, மகள் பார்க்கும் இடத்தைப் பார்த்தார்.
வெகுநேரம்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
மேல்பாக்கெட்டில் தனியாக மடித்திருந்ததை எடுத்து
இதரவைத்தான் முதலில் எண்ணி வைத்தார்.
இருநூறு குறைந்தது.
மகள் தன் பர்ஸைத் திறந்தாள்.

முத்திரை குத்தினேன்.
கல்லணைக்கு மூன்று நாளில் தண்ணீர் வந்துவிடுமாம்.
கடைமடைக்கு எப்போது என்று
டிவியில் போடவில்லை.