விழுந்தால் பத்துப் புள்ளி

ஜுபைல் கேம்ப், பதினாலாம் அறை.
வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டியை
யார் கழுவுவது என்று தீர்மானிக்க
எசக்கியப்பனின் பழைய லேப்டாப்பில்
ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம்.

என் ஆளுக்குத் தொப்பை. முழங்கால் மடங்காது.
எஃப் தட்டினால் இடதுகால், ஜே தட்டினால் வலது,
இரண்டையும் சேர்த்துத் தட்டிவிட்டால்
தும்முவான்.
சீனி முகமது அண்ணன்
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'தும்மாதடா சனியனே' என்று
திரையை அதட்டுகிறார்.

கடைசிச் சுற்று.
ஏணி உச்சியிலிருந்து தர்பூசணிக் குவியலில் விழ வேண்டும்.
எவ்வளவு கேவலமாக விழுகிறோமோ
அவ்வளவு புள்ளி.
பிலேந்திரன் தலைகுப்புற விழுந்து
பத்துக்குப் பத்து வாங்கி
கட்டில்மேல் ஏறி ஆடுகிறான்.

நான் விழவில்லை.
விரல் தானாகப் போய்
கம்பியைப் பிடிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டது.
அந்தரத்தில் தொங்கியபடி
என் ஆள் தும்முகிறான், தும்முகிறான்.
'விடுறா! விட்டாத்தான் ஜெயிப்ப!'
பதினோரு வருஷம்
ரிஃபைனரியில் சாரம் கட்டிய விரல்.
சொன்னால் கேட்குமா?

பூஜ்யம்.
சட்டி எனக்கு.
அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டும்போது
உள்ளே மறுபடி வெடிச்சிரிப்பு:
யாரோ
ரொம்ப அழகாக விழுந்திருக்கிறான்.