ஏனையவை

ஒழுங்கை முடியுமிடத்தில்
வாய்க்கால் மதகில் ஏறி நின்றால்
இரண்டு கோடு சிக்னல்.
மூன்றாவது கோட்டுக்கு
இரு கையாலும் போனைத்
தலைக்கு மேலே தூக்க வேண்டும்.
தூக்கினேன்.
இப்படி நின்ற நாள் ஒன்று ஞாபகம் வந்தது.
கையைக் கீழே விட்டேன்.
இரண்டு கோடு போதும்.

செயலி முதலில் மொழி கேட்டது.
தமிழைத் தொட்டேன்.
'தங்கள் முறைப்பாட்டைப் பிறப்பிக்கவும்' என்றது.
எந்தப் பிள்ளை மொழிபெயர்த்ததோ,
பாவம்.
மதகில் குந்தி
பிறப்பிக்கத் தொடங்கினேன்.

பிரச்சினையின் வகை:
காற்று, ஒலி, குப்பை, வனவிலங்கு.
யானைக்கு ஒரு படம்கூட இருந்தது,
சிரித்துக்கொண்டு.
மணல் இல்லை.
இறங்கி இறங்கிப் பார்த்தால்
அடியில் 'ஏனையவை'.
பழகின இடந்தான்.
முகாமில் தந்த படிவத்திலும்
என்னை அதற்குள்தான் போட்டார்கள்.

இருப்பிடத்தைக் குறிக்கச் சொன்னது.
ஆற்றுக்கு இறங்கிப் போய்க் குறித்தேன்.
நீலப் புள்ளி வந்து விழுந்தது
நவரத்தினத்தாரின் வயலுக்கு நடுவில்.
வரைபடம் பொய் சொல்லவில்லை,
போன மாரி வரைக்கும் வயல்தான்.
நான் முழங்கால் தண்ணீரில் நிற்பதும்
பக்கத்தில் ஒரு மருது
வேர் தெரிய மல்லாந்து கிடப்பதும்
மேலே சுற்றுகிற அந்தப் பொருளுக்குத் தெரியாது.

படம் இணைக்க.
வடலிக்குள் ஒளித்திருந்து எடுத்தது,
இரவு ஒன்றே முக்கால்.
பெக்கோவின் கை, மூன்று டிப்பர்,
இரண்டாவதின் இலக்கத்தகடு
பளிச்சென்று.
சின்னம்மாவின் மகன் கஜரூபனுடையது.
லீசிங் இன்னும் இருபத்தேழு மாதம்.
என் கிணறு இடிந்த அன்று
இடுப்பில் கயிறு கட்டி இறங்கி
மோட்டரைத் தூக்கித் தந்தவன்.
'வெட்டுக' என்ற இடத்தைத் தொட்டு
தகட்டை வெட்டினேன்.
தகட்டோடு கொஞ்சம் ஆறும் போனது.

விவரம், இருநூறு எழுத்துக்குள்.
கிணற்றுக் கயிற்றை இரண்டு தரம் நீட்டினதை எழுதினேன்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடக்கிற துறையில்
ஆள் தாழுகிற கிடங்கை எழுதினேன்,
மிளகாய்க் கன்று உப்புத்தண்ணி குடித்துக்
கருகினதை எழுத முதல்
இடம் முடிந்துவிட்டது.
மெய்யெழுத்தின் புள்ளியையும்
தனி எழுத்தாக எண்ணுகிறது அந்தச் சனியன்.
எல்லாவற்றையும் அழித்து
'ஐயா, மணல் போகுது, தண்ணி உப்புது' என்றேன்.
நூற்று எழுபது சொச்சம் மிச்சம் என்று காட்டியது.

பிரதிநிதியைத் தெரிவு செய்க.
ஆறு பேர் இருந்தார்கள்.
ஆறு மட்டும் இல்லை.
ஆறு முகத்தையும் தொட்டேன்,
ஒருவரை விட்டால் கோபிப்பார் என்று.

உடனே ஒரு தொடரிலக்கம் வந்தது.
நம்பருக்கு இங்கே பஞ்சமில்லை.
காணிக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று,
அண்ணையைத் தேடி எழுதின எட்டு இடத்துக்கும்
எட்டு.
எல்லாம் ஒரே கொப்பியில்.
கீழே இதையும் எழுதி
கோடு போட்டு வைத்தேன்.

நாலாம் நாள் கோல் வந்தது.
உண்மையாகவே வந்தது.
ஒருவரின் அலுவலகத்தில் இருந்து, இளம் குரல்,
மரியாதையான பிள்ளை.
எவ்வளவு ஆழம், எத்தனை வாகனம்,
பொலிசுக்குச் சொன்னீங்களோ,
எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டது.
பிறகு சத்தத்தைத் தணித்து,
"அக்கா, குறை நினைக்காதேங்கோ,
எங்கட வீடு அத்திவாரத்தோட நிக்குது,
அது களி கலக்காத மண்ணோ?"

பொய் சொல்ல வரவில்லை எனக்கு.
"நல்ல மண் தம்பி" என்றேன்,
"அரிக்கவே தேவையில்லை."
சொல்லும்போது குரலில் ஒரு பெருமை,
கேட்டுக்கொண்டு நின்றேன் அதை,
வேறு யாரோ கதைப்பதுபோல.

இன்றைக்கும் ஒன்றே முக்கால்.
முதலாவது போகிறது, யன்னல் அதிர.
மூன்றாவதும் அப்படித்தான் போகும்.
இரண்டாவது மட்டும்
என் படலையடியில்
லைற்றைத் தணித்து, மெல்ல உருளும்,
பிள்ளை எழும்பிவிடும் என்று.