கதவாண்ட

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால்
என் கிளினிக் நிறையும்.
சும்மா நிக்கிறதுக்கு பிரஷராவது பாத்துக்கலாம் என்று
பைக்கை ஓரங்கட்டிவிட்டு வருவார்கள்.
அப்படி வந்த ஒருவருக்கு நூற்றுத் தொண்ணூறு.
"உக்காருங்க" என்பதற்குள்
கூட்ஸின் கடைசிப் பெட்டி போய்விட்டது.
"சாயங்காலம் வரேன்" என்றார்.
வந்தார், அடுத்த ஆடியில்,
மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு,
வாய் ஒருபக்கம் கோணி.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில்
நெபுலைசருக்கு ஓய்வில்லை.
ஆறு வயது ரோஷன் மாஸ்க்கை வாங்கி
அவனே மாட்டிக்கொள்கிறான்,
ஸ்கூல் டை கட்டிக்கொள்வது போல.
அவன் அம்மாவிடம்
பாயை வெயிலில் போடுங்கள் என்கிறேன்,
கொசுவத்தி வேண்டாம் என்கிறேன்.
ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.
திறக்கச் சொல்வதா, மூடச் சொல்வதா?

ஊசி போடுங்க என்று நிற்பவர்களிடம்
முன்பெல்லாம் சண்டை போடுவேன்.
இப்போது,
நாளைக்கு வேலைக்குப் போயே ஆகணுமா, என்று கேட்கிறேன்.
ஹார்பர் கான்ட்ராக்ட், ஒரு நாள் விட்டால் வேறு ஆள்.
மூன்று நாள் ஓய்வு என்று சீட்டில் எழுதித் தருகிறேன்.
மேஸ்திரி அதை வாங்கமாட்டார் என்பது
எனக்கும் தெரியும், அவருக்கும்.

தேசம்மா அதே நீர்க்கடுப்போடு மூன்றாம் தடவை வந்தார்.
முதலில் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தேன்,
அடுத்த தடவை ஏழு.
இந்த முறை குரலை உயர்த்தினேன்.
"தண்ணி நெறைய குடிக்கச் சொன்னேனே, குடிச்சீங்களா?"
தலையாட்டினார். மீன்கூடையை எடுத்தார்.
ஞானசுந்தரி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.
ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில்,
என்னைப் பார்க்காமல்
கதவிடம் சொன்னார்:
"குட்ச்சிட்டு எங்கம்மா போறது?"

மூன்று மணிக்குக் காசிமேடு.
ஐந்திலிருந்து ஒரு மணி வரை மார்க்கெட் வாசல்.
நடுவில் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்றுகூட இல்லை.
பிரஷருக்கு நான் எழுதிய நீர் மாத்திரையை
நாலு மாதமாக அட்டை பிரிக்காமல்
சுருக்குப்பையில் வைத்திருந்தார்.
பிரஷர் குறையவில்லையே என்று
இரண்டு முறை அளவைக் கூட்டியவள் நான்.

கேட்க வேண்டியதெல்லாம் கேஸ் ஷீட்டில் அச்சாகியிருக்கும்:
பசி, தூக்கம், மலம், சிறுநீர்.
எங்கே என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.

மாத்திரையை வீடு திரும்பியபின் போடும்படி மாற்றினேன்.
பின்கட்டுக் கழிவறைச் சாவியில்
இருமல் மருந்து பாட்டில் மூடியைக் கோத்து
அவர் கையில் கொடுத்தேன்.
இப்போது ஏழு பெண்கள் வருகிறார்கள்.
மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதென்று
வீட்டுக்காரர் முறைக்கிறார்.
அவருக்கும் சர்க்கரை இருக்கிறது,
என்னிடம்தான் வந்தாக வேண்டும்.
போன வாரம் தேசம்மாவுக்கு நூற்று முப்பத்தாறு.
ஒரு கூறு நெத்திலி, ஆய்ந்தே கொண்டு வந்திருந்தார்.
ஃபீஸ் வாங்கவில்லை, நெத்திலியை வாங்கிக்கொண்டேன்.

செருப்பு மாட்டி முடிக்கிற வரை
அடுத்த டோக்கனைக் கூப்பிடாதே என்று
ஞானசுந்தரியிடம் சொல்லியிருக்கிறேன்.
"கூட்டம் சேருது டாக்டர்."
சேரட்டும்.

நேற்று முதுகுவலிக்கு வந்தார்
டிரெய்லர் ஓட்டும் தஸ்தகீர்.
சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
ஒரு செருப்பை மாட்டினார்.
மற்றதைக் காலால் தேடிக்கொண்டே இருந்தார்.
அது அங்கேதான் கிடந்தது.
வெளியே கேட் ஏறுகிற சத்தம்,
ஒரே நேரத்தில் எல்லா ஹாரனும்.
நான் பேனாவை மூடினேன்.