சாக்கின் எடை

ஈரமானி காட்டும் எண்ணை உரக்கச் சொல்வது
என் உத்தியோகம்.
பதினேழுக்கு மேல் போனால்
கொட்டிக் காயவையுங்கள் என்பேன்,
வானத்தைப் பார்க்காமல்.
ஐப்பசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு
அதைச் சொல்ல எவனுக்கும் வாய் வராது.

பூனைக்கு ஈரமானி கிடையாது.
பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி
விட்டுவிட்டு எண்ண வேண்டும்.
உடனே படிந்தால் சரி.
நேற்று மூன்று எண்ணும்வரை
கூடாரம் அடித்து நின்றது.

பதினான்கு வருஷம் முன்பு
வெற்றுச் சாக்குக் கட்டைப் பிரித்தபோது
உள்ளே கண் திறக்காமல் கிடந்தது.
சாக்கு என்றே கூப்பிட்டோம்.
எந்தக் கொள்முதல் நிலையத்துக்கு மாற்றினாலும்
டிவிஎஸ்ஸில் கம்பிக்கூடையில் என்னோடு வரும்.
இப்போது வடுவூருக்குத் தெற்கே,
தகரக் கொட்டகை, ஒரு புங்கமரம்.
எலிகளுக்கு இதன் பல் போனது இன்னும் தெரியாது.

ஒரத்தநாட்டில் டாக்டர் ஜெசிந்தா
ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி,
சிறுநீரகம் முக்கால்வாசி போயிருக்கு என்றார்.
நிறையக் குடிக்கிறதே என்றேன்,
ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.
குடிக்கிறது, தங்கவில்லை என்றார்.
விளங்கியது.
கொள்ளிடத்தில் கரைமுட்ட ஓடிய வருஷமும்
எங்கள் கடைமடை காய்ந்திருக்கிறது.

கருவாடு வேண்டாம்.
மூன்று மூலையில் தண்ணீர்க் கிண்ணம்.
ஏறிப் படுக்கும் இடத்துக்கு ஒரு பலகை சாய்த்துவிடுங்கள்,
மூட்டு வலி அதற்குச் சொல்லத் தெரியாது.
தினம் நூறு மில்லி, தோலுக்கடியில்.
யார் போடுவது?
நீங்கள்தான்.

முதல் நாள் ஊசி மறுபக்கம் வந்து
என் சட்டையை நனைத்தது.
இரண்டாம் நாள் நடுங்கியது நான், அது இல்லை.
மூன்றாம் நாள் லாரி வந்துவிட்டது,
நான்காம் நாள் கரண்டு இல்லை.
அந்தப் பெயரை
எனக்கு வைத்திருக்கலாம்.

வாரம் ஒருமுறை தராசில் ஏற்றுவேன்.
நாற்பது கிலோ நெல்லுக்கு
ஐநூற்று எண்பது கிராம், சாக்கின் எடை என்று
கழித்து எழுதிய கை.
ஆடியில் மூன்று எண்ணூறு.
புரட்டாசியில் மூன்று நூறு.
இப்போது இரண்டு எழுநூற்று இருபது.
"காஞ்சா எடை குறையத்தானே சார் செய்யும்"
என்றான் சுமைதூக்கும் வீரையன்.
கேலி இல்லை. தொழில் அறிவு.

ஒன்பது நாளாக வெளியில் கிடந்தது
தையல்நாயகியின் குறுவை.
இருபத்தொன்று.
குவியலுக்குத் தார்ப்பாய்,
அவளுக்கு ஒரு யூரியாச் சாக்கு.
அன்று ராத்திரி பாட்டில் மாட்டும் ஆணி பிடுங்கிக்கொண்டது.
எழுந்து வந்து வாங்கித் தூக்கிப் பிடித்தாள்.
"ஒசத்துனா வேகமாப் போவுமா?"
போகும்.
முறைத்தண்ணீருக்கு ராத்திரியில் மடை திறந்த கை,
அளவு தெரிந்து உயர்ந்தது.
தோலுக்கடியில் நீர் இறங்கி
தோளோரம் ஒரு கொய்யாக்காய் அளவு புடைத்தது.
சாக்கு கண்ணை மூடிக்கொண்டது.

"இதுக்கு எத்தனை நிக்குது?" என்றாள்.
இதற்கு அளவு இல்லை என்றேன்.
"இதுக்கு ஊத்துறீங்க.
எனக்கு வத்தச் சொல்றீங்க."
பாட்டில் காலியாகும்வரை
தகரத்தில் தூறல் மட்டும் பேசியது.

மறுநாள் வெயில்.
அதற்கும் மறுநாள் வெயில்.
காலால் கோதிக் கோதி அவள் நெல்லைத் திருப்பினாள்.
பதினாறு தசம் எட்டு.
உரக்கச் சொன்னேன்.
புங்கமரத்துக் காக்கை பறந்துபோகும் அளவு.

முதல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு
வீரையன் நின்றான்.
தராசுத் தட்டில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து
சாக்கு தூங்கிக்கொண்டிருந்தது.
விரட்டக் கையை ஓங்கினான்.

"எழுப்பாதீங்க," என்றாள் தையல்நாயகி.
"வழக்கமா கழிக்கறதுதானே."

இரண்டு எழுநூற்று அறுபது.
நாற்பது கிராம் கூட.
ராத்திரி ஏற்றிய தண்ணீர்தான், தெரியும்.
எழுதிக்கொண்டேன்.