அருகிலுள்ள நீர்நிலை, மீட்டரில்

பதின்மூன்று வரை தடங்கல் இல்லை.
சர்வே எண், உட்பிரிவு, பட்டாதாரர் பெயர்,
கட்டப்போகும் கிடங்கின் நீள அகலம்,
கொட்டப்போகும் கிராவல் எத்தனை லோடு,
கழிவுநீர் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர்.
பதினான்காவது கட்டம் கேட்கிறது:
அருகிலுள்ள நீர்நிலை எவ்வளவு தூரம்?

"ஆயிரத்து இருநூறு போடும்மா"
என்றார் முனிரத்தினம் நாயுடு.
அவர் பொய் சொல்லவில்லை.
மே மாதம் அளந்திருக்கிறார்கள்.
ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே
உப்புப் பொரிந்த தரையை விட்டு
ஏரி அப்போது வெளியே போயிருந்தது,
மதியச் சாப்பாட்டுக்குக்
கடையைச் சாத்திவிட்டுப் போன ஆள் மாதிரி.
அந்த நேரம் பார்த்து வந்தவர்கள்
காலி மனை என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் போனது கார்த்திகையில்.
ஐஸ் பெட்டி, ஆறு பாட்டில், கயிறு,
ஈரத்தில் அழியாத பேனா.
எடுக்கப்போகும் நீராலேயே
பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும்.
முழங்கை வரை இறக்கி
நீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும்.
ஒரு குமிழிகூட உள்ளே சிக்கக் கூடாது.
இதெல்லாம் கைப்பழக்கம்.
பழக்கமில்லாதது,
முதல் பாட்டிலை நான் நிரப்பிய இடம்
வரைபடத்தில் லாரி நிறுத்துமிடம் என்பது.

இரண்டாவது புள்ளிக்குப் படகு.
பத்துக் கோல் தள்ளியதும் கைபேசி
ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு என்றது.
காற்று கொஞ்சம் திருப்ப,
தமிழ்நாடு வரவேற்றது.
மறுபடி ஆந்திரா.
அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
"அது நம்ம வாரியத்துக்குள்ள வராது,
அந்த பாட்டிலைத் தள்ளி வை."
தள்ளி வைத்தேன்.
தண்ணீர்தான் தள்ளி நிற்கவில்லை.

பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி
முட்டியால் நகர்ந்துகொண்டிருந்தாள் பொலம்மா.
என் கருவி
கலங்கல் எழுபத்தெட்டு என்று காட்டி முடிப்பதற்குள்
அந்தக் கலங்கலுக்குள் அவள் விரல்கள்
ஏழு இறாலைக் கண்டுபிடித்துவிட்டன.
பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
"நீள்ளு எந்துக்கு?"
"சோதனைக்கு."
தமிழுக்கு மாறினாள்.
"பாஸாச்சுன்னா மண்ணு கொட்டுவீங்க.
பெயிலாச்சுன்னா?"
படகுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.
நான் லேபிளில் நேரம் எழுதினேன்:
10.40.

பருவத்தைப் பொறுத்தது என்று தட்டினேன்.
எண் மட்டும் உள்ளிடவும் என்றது சிவப்பில்.
மே 1200, கார்த்திகை, என்று ஆரம்பித்தேன்.
எண் மட்டும்.
அடுத்த கட்டத்துக்குத் தாவிப் பார்த்தேன்:
பறவைகள் உண்டா, ஆம், இல்லை.
எண்ணாயிரம் பூநாரைக்கும்
ஒற்றைக் கொக்குக்கும் ஒரே ஆம்.
அங்கே எண் கேட்டிருக்கலாம்.
திரும்பி வந்தேன்.
இரவு பதினொன்றரை மணிக்கு
0 என்று போட்டு அனுப்பினேன்.

நாயுடு மூன்று நாள் கூப்பிடவில்லை.
நான்காம் நாள் வாரியத்திலிருந்து கேள்வி:
தூரம் சுழியம் எனில்
திட்ட இடமே நீர்நிலை என்று பொருள்படுகிறது.
தட்டச்சுப் பிழையா?
இருநூறு எழுத்துகளுக்கு மிகாமல் விளக்கவும்.

வீட்டுக் குளிர்பெட்டியில்
தோசை மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது
கணக்கில் சேராத அந்த இரண்டாவது பாட்டில்.
பால் எடுக்கப் போனால் கையில் படுகிறது.
மேலே கண்ணாடி போல் தெளிந்துவிட்டது.
அடியில் ஒரு விரல் உயரம் கறுப்பு வண்டல்.
லேபிளில் மாநிலம் என்ற இடம் இன்னும் காலி.

பிழை இல்லை. என்று அடித்தேன்.
நிறைய இடம் மிச்சம்.
ஏழாம் எண் எல்லைக்கல்லைத் தேடிப் போனபோது
கல் தெரியாமல்,
அதன் மேல் இருந்த நீர்க்காகம் மட்டும்
தண்ணீரின் மேலேயே நிற்பதுபோல்
இறக்கை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததே,
அதைச் சேர்க்கலாமா?
போன் அதிர்கிறது. நாயுடு.
மேசையில் கொஞ்ச தூரம் தானாகவே நகர்ந்து
நின்றுபோகிறது.
கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக,
மீதம் 189 எழுத்துகள்.